சோம்பல் அன்று, நோய்

கம்பம் பள்ளத்தாக்கின் வாழைக்காயை நறுக்கி வைத்தால் சற்று நேரத்தில் கருத்துவிடுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜனின் வினையே அதற்குக் காரணம். அதனைத் தடுக்கவே துண்டுகளைத் தண்ணீரில் இடுகிறோம். மூளைக்கும் இத்தகைய காப்புத் தேவை.

உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டைச் செலவிடுகிறது. அப்போது தோன்றும், செல்களைத் தாக்கவல்ல மூலக்கூறுகளைக் குளூட்டாதயோன் போன்ற பொருள்கள் அடக்குகின்றன. தாக்குதல் மிகுந்து காப்புக் குறைவதே ஆக்சிஜனேற்ற அழுத்தம். மனச்சிதைவு நோயாளர் பலரிடம் இந்நிலை காணப்படுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், நோய்க்கு இதுவே முழுக் காரணம் என்று நிறுவப்படவில்லை.

இல்லாத குரல் கேட்பதும் ஆதாரமின்றி ஐயுறுவதும் இந்நோயின் வெளிப்படையான அறிகுறிகள். பேச்சுக் குறைதல், உணர்ச்சி மங்குதல், செயலில் நாட்டமின்மை ஆகியனவும் அறிகுறிகளே. இவற்றைத்தான் ஊரார் சோம்பல் எனப் பழிக்கின்றனர். குளூட்டாதயோன் உருவாக உதவும் அசிட்டைல்சிஸ்டீனை வழக்கமான மருந்துகளுடன் சேர்த்து அளித்தபோது, சில ஆய்வுகளில் இவ்வறிகுறிகள் ஓரளவு தணிந்தன. வேறு சிலவற்றில் அப்பயன் தெளிவாகவில்லை.

கம்பத்துப் பன்னீர்த் திராட்சையிலும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள் உண்டு. ஆயினும், உணவு மருந்துக்கு ஈடாகாது. மருந்தோடு குடும்பத்தின் அரவணைப்பும் மறுவாழ்வும் வேண்டும் என்னும் நோக்கில் மருத்துவர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார்.

நம் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் பேச்சிழந்து ஒதுங்கினால் பழிக்க வேண்டா. அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். 14416 என்ற கட்டணமில்லா எண்ணிலும் மனநல ஆலோசனை கிடைக்கும்.