நெல்லை விளைவித்தது யார்?

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. புதிதாக வந்திருக்கும் வரலாற்றுப் பேராசிரியர் முதல் வகுப்பிலேயே, “தஞ்சைப் பெரிய கோயிலுக்கு நெல் அளந்த ஊர்களில் அந்த நெல்லை விளைவித்தது யார்?” என்று கேட்டாராம். இதெல்லாம் பரீட்சைக்கு வருமா என்று தோழிகள் முணுமுணுத்ததாக எழுதியிருக்கிறாய். பரீட்சைக்கு வருகிறதோ இல்லையோ, அந்தக் கேள்வியை நீ விட்டுவிடாதே அம்மா.

பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது. ராஜராஜன் அதற்குக் கொடுத்த ஊர்களின் பட்டியல் கல்லிலேயே இருக்கிறது. ஒவ்வோர் ஊரிலும் மொத்த நிலம் எவ்வளவு, வரி இல்லாத நிலம் போக மிச்சம் எவ்வளவு, கோயிலுக்கு எத்தனை கலம் நெல் அளக்க வேண்டும் என்று நுணுக்கமான கணக்கு. வரி இல்லாத நிலங்களைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு கம்மாணச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. தீண்டாச்சேரி என்ற பெயரும் உண்டு. மன்னனின் கொடையைச் சொல்ல வெட்டிய கல், உழைப்பாளிகள் தனிச்சேரிகளில் ஒதுக்கப்பட்டிருந்ததையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. கொடையை மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல் உங்களை நிறுத்திவைத்தாரே, அதுதான் உன் ஆசிரியர் செய்த பெரிய காரியம்.

நெல்லை விளைவித்தது யார் என்ற கேள்வி நம்மை வர்க்கத்திடம் கொண்டுபோகிறது. வர்க்கம் என்றால் பணக்காரன், ஏழை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். நிலம் யார் கையில், உழைப்பு யாருடையது, விளைந்ததைப் பங்கிடும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் சேர்த்துப் பார். நிலவுடைமையாளர் பங்கான மேல்வாரம் வாங்கியவர், உழுதவர் பங்கான குடிவாரம் எடுத்தவர், கூலி நெல்லுக்காகக் களத்தில் காத்து நின்ற பண்ணையாள் என எல்லோரும் ஒரே வயலை நம்பி வாழ்ந்தவர்கள். அவர்களுக்குள் இருந்த உறவிலும் பிணக்கிலும்தான் வர்க்கம் தெரியும். நம் ஊரில் அதோடு சாதியும் பின்னிக் கிடக்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுப் போராட்டம். மாண்டவர்கள் தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலியை விட்டுவிட்டுச் சாதியை மட்டும் சொன்னாலும், சாதியை மறைத்துக் கூலியை மட்டும் சொன்னாலும் அந்த இரவு நமக்கு விளங்காது.

இப்படிப் பார்க்க நம் நெல்லைச் சீமையில் ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தவர் பேராசிரியர் நா. வானமாமலை. நாங்குநேரிக்காரர், 1917இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சி நிலையம் நடத்தினார். மார்க்சியர். நெல்லை ஆய்வுக் குழுவை உருவாக்கி, ‘ஆராய்ச்சி’ என்ற இதழையும் நடத்தினார். அந்தக் குழுவில் கட்டுரையை வாசித்தவர் மற்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். முடிந்த முடிவுகளை மாணவர் கையில் கொடுத்து அனுப்புவது அவர் வழியன்று. தேட வைத்தார், எழுத வைத்தார், விவாதிக்க வைத்தார்.

கல்வெட்டில் இடம் பெறாத மக்கள் பாட்டில் இருப்பார்கள் என்று அவர் நம்பினார். நாட்டுப்பாடல்களைத் திரட்டினார், கதைப்பாடல்களைப் பதிப்பித்தார். முத்துப்பட்டன் கதை அவற்றில் ஒன்று. பிராமணனான பட்டன், சக்கிலியர் குலத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்கப் பூணூலையும் குடுமியையும் துறந்து செருப்புத் தைக்கிறான். மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மடிகிறான். பாபநாசம் மலையில் சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்கு வழிபாடு நடக்கிறது. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், சக்கிலியர் ஒருவர் எடுத்து வளர்த்தார் என்று சொல்லும் வடிவமும் உண்டு. அது பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்று வானமாமலை வாதிட்டார். கதை ஏன் மாறியது, மாறியதால் யாருடைய மனம் ஆறியது என்று கேட்டுப் பார். சாதி மீறிய காதலைப் பொறுக்க முடியாதவர்கள் தெரிவார்கள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். விடுமுறைக்கு வரும்போது ஆச்சியிடம் உட்கார். நாற்று நட்டதற்கு என்ன கூலி, நெல்லா பணமா, எந்தப் படியால் அளந்தார்கள், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியா என்று கேள். நடவுப் பாட்டு பாடினால் ஒரு சொல்லைக்கூடத் திருத்தாமல் எழுதிக்கொள். சொன்னவர் வயது, ஊர், தேதி எல்லாம் குறித்து வை. பிறகு மேலத்தெருவில் நிலம் வைத்திருந்த குடும்பத்திலும் அதே கேள்விகளைக் கேள். இரண்டு பதில்களும் ஒத்துப்போகாது. அந்த வேறுபாட்டை மழுப்பாமல் அப்படியே எழுது.

எழுதியதை உன் பேராசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டு. அவர் சொல்லும் விளக்கத்தையும் அப்படியே ஏற்றுக்கொள்ளாதே. சான்று எங்கே என்று பணிவோடு கேள். நல்ல ஆசிரியர் அதற்காகத்தான் காத்திருப்பார். அவரை மதிப்பது என்பது அவர் கேட்ட கேள்வியை அவரைத் தாண்டியும் கொண்டுபோவதுதான்.

அன்புடன்,
உன் மாமா