தொண்டைமண்டல ஆவணங்களில் நீர்வள மேலாண்மை: பயன்பாட்டு வரம்பும் கணக்குப் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

நீரைப் பொதுவளமாகக் கருதிய மரபு தமிழருடையது என்பது ஆய்வாளர் பலரும் எடுத்துரைத்த கருத்தாகும். அவ்வளம் நடைமுறையில் எவ்விதிகளால் காக்கப்பட்டது என்பதே இக்கட்டுரையின் வினா. காஞ்சிபுரப் பகுதி சார்ந்த காசாக்குடிச் செப்பேடு, உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஆகியவற்றை முதன்மைச் சான்றுகளாகக் கொண்டு, நுகர்வோருக்கு வரம்பும் நிருவகிப்போருக்குக் கணக்கும் விதித்த முறையை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஏரி, வாரியம், குடவோலை, காசாக்குடிச் செப்பேடு, உத்திரமேரூர், குடிமராமத்து.

1. முன்னுரை

பாலாறு, செய்யாறு, வேகவதி ஆகிய ஆறுகள் மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணற்படுகையாகக் கிடப்பவை. வடகிழக்குப் பருவமழை தரும் நீரைத் தேக்கிவைத்தாலன்றித் தொண்டைமண்டலத்தில் நெல் விளையாது. ஆகவே இந்நிலப்பகுதியில் ஊரின் தோற்றமும் ஏரியின் தோற்றமும் பிரிக்க இயலாதவை. முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகத்தையும் அதற்குப் பாலாற்றிலிருந்து நீர் கொணர்ந்த பெரும்பிடுகு வாய்க்காலையும் குறிப்பிடுகிறது. ஏரி, வாய்க்கால், ஆறு ஆகியவை ஒரே அமைப்பின் உறுப்புகளாகக் கருதப்பட்டமையை இதனால் அறியலாம்.

2. நுகர்வுக்கு வரம்பு

இரண்டாம் நந்திவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட காசாக்குடிச் செப்பேடு, ஊற்றுக்காட்டுக் கோட்டத்துக் கொடுகொள்ளி என்னும் ஊரைக் கொடையாக வழங்கியதைக் கூறுகிறது. செய்யாறு, வெஃகா, திரையன் ஏரி ஆகியவற்றிலிருந்து ஆற்றுக்காலும் வெள்ளக்காலும் தோண்டி நீர் கொள்ளும் உரிமையும் அக்கொடையில் அடங்கும். வெஃகா என்பது வேகவதியைக் குறிக்கும்.

உரிமையை வழங்கிய அளவில் ஆவணம் நின்றுவிடவில்லை. அக்கால்களிலிருந்து கிளைக்கால் வெட்டியோ, சிற்றேற்றம் அமைத்தோ, கூடையால் இறைத்தோ நீர் கொள்வோர் அரசனுக்குத் தண்டம் செலுத்தவேண்டும் என்றும் விதிக்கிறது. நீர் எடுக்கும் கருவிகளைப் பெயர்சுட்டித் தடுத்திருப்பது கருதத்தக்கது. தலைமடையில் சிறிது சிறிதாக எடுக்கப்படும் நீரே கடைமடையின் வறட்சியாகிறது என்னும் பட்டறிவு இவ்விதியின் பின்னணியில் உள்ளது எனலாம்.

எனினும் இதனை முழுமையான சமநீதியாகக் கொள்ள இயலாது. கூடையும் சிற்றேற்றமும் பெருநிலக்கிழார் நம்பியிருந்த கருவிகளல்ல. கொடை பெற்றோரின் நீர் காக்கப்பட்டபோது, வாய்க்காலை ஒட்டி வாழ்ந்த எளியோரின் பயன்பாடு தடுக்கப்பட்டிருக்கக் கூடும்.

3. நிருவாகத்துக்குக் கணக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரின் பேரேரி, பழைய கல்வெட்டுகளில் வயிரமேக தடாகம் எனப்படுகிறது. முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த (கி.பி. 919, 921) இவ்வூர்க் கல்வெட்டுகள் 30 குடும்புகளிலிருந்து குடவோலை வழியே வாரியப் பெருமக்களைத் தெரிந்தெடுத்த முறையை விவரிக்கின்றன. குடவோலையைத் தேர்தல் முறையின் முன்னோடியாகக் காண்பதே வழக்கமாகிவிட்டது. வள மேலாண்மை நோக்கில் அக்கல்வெட்டுகளின் மூன்று கூறுகள் கவனத்துக்குரியவை.

முதலாவது, ஏரிக்கெனத் தனி வாரியம் இருந்தது. அதற்கு 6 பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர்; பணிக்காலம் 360 நாள்.

இரண்டாவது, 12 பேர் கொண்ட சம்வத்சர வாரியத்துக்குக் கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோருடன், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்னர்ப் பணியாற்றியோரும் கருதப்பட்டனர். ஏரியைக் காத்த அனுபவம் ஊராட்சியின் உயர்பொறுப்புக்குத் தகுதியாயிற்று.

மூன்றாவது, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதோர் மட்டுமன்றி, அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலைக்குத் தகுதியிழந்தனர். முந்தைய 3 ஆண்டுகளில் வாரியம் செய்தோருக்கும் இடமில்லை. பொதுவளத்தின் பொறுப்பு ஒரு குடும்பத்தின் உடைமையாக மாறாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு இது.

இங்கும் வரையறை உண்டு. இறைகட்டும் கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியன தகுதிகளாக இருந்தமையால் பிரமதேய ஊரின் நிலமுடைய அந்தணரே வாரியத்தில் அமர முடிந்தது. பெண்களுக்கும் உழுகுடிகளுக்கும் அதில் இடமில்லை. மண் சுமந்து கரையை உயர்த்தியோரின் குரலை இக்கல்வெட்டுகளில் கேட்க இயலவில்லை.

4. இன்றைய பொருத்தம்

ஏரி ஆக்கிரமிப்புகளை அகற்றுதற்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2007இல் இயற்றப்பட்டது. குடிமராமத்துத் திட்டம் 2017இல் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. முன்னது வரம்பையும் பின்னது மக்கள் பங்கேற்பையும் நாடுவன. ஆயினும் தூர்வாருதல் ஒரு பருவத்தில் முடியும் பணி. கணக்குக் கேட்டல் ஆண்டுதோறும் நிகழவேண்டியது. வெஃகாவின் நீருக்குத் தண்டம் விதித்த நிலத்தில் இன்று வேகவதி கழிவுநீரும் ஆக்கிரமிப்பும் சுமந்து கிடப்பது, வரம்பும் கணக்கும் ஒருசேரத் தளர்ந்ததன் விளைவு.

5. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளால், தொண்டைமண்டல நீர் மேலாண்மை ஆட்சியாளரின் அறவுணர்வை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது புலனாகிறது. எடுப்போருக்கு அளவும் காப்போருக்குக் கணக்கும் எழுத்தில் வகுக்கப்பட்டன. அம்முறையின் சமூக எல்லைகளை மறைத்து அதனைப் பொற்காலமாகப் போற்றுவது ஆய்வுநெறி ஆகாது. பண்டைய வாரியத்தின் கணக்குப் பொறுப்பை, அது விலக்கிவைத்த பாசனக் குடிகள் அனைவரின் பங்கேற்புடன் இணைப்பதே நீர்வளம் நிலைபெற வழியாகும். இவ்விரு ஊர்களுக்கு அப்பால், தொண்டைமண்டலத்தின் பிற ஏரிக் கல்வெட்டுகளையும் இந்நோக்கில் தொகுத்து ஆராய்தல் தேவை.