ஏழு நாள் முகாம் முடிந்த பிறகு

கேள்வி: எங்கள் கிராமத்தை ஒரு கல்லூரியின் என்.எஸ்.எஸ். பிரிவு தத்தெடுத்திருக்கிறது. மாணவர்கள் ஆண்டுக்கொரு முறை வந்து கோயில் வாசலைக் கூட்டி, மரக்கன்று நட்டு, பேனர் முன் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். கன்றுகளை ஆடு மேய்ந்துவிடுகிறது. பல்கலைக்கழகத்தால் எங்களுக்கு உருப்படியான பயன் கிடைக்க வழி உண்டா?
– கண்மாய்ப் பாசன விவசாயி, சிவகங்கை மாவட்டம்

பதில்: உண்டு ஐயா. ஆனால் முகாமுக்குப் பந்தல் போட்ட பிறகு கேட்டால் கிடைக்காது.

1969இல் தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டத்தில் (என்.எஸ்.எஸ்.) ஏழு நாள் முகாம் ஒரு பகுதிதான். ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். அதில் எங்கள் ஊருக்கு எவ்வளவு என்று திட்ட அலுவலரிடம் கேளுங்கள். கன்றுக்குக் கூண்டு வைக்கவும் கோடையில் தண்ணீர் ஊற்றவும் அதில் ஒரு பங்கு போதும்.

என்னைக் கேட்டால், அவர்களின் உடலுழைப்பைவிடப் படிப்பைக் கேளுங்கள் என்பேன். மண்வெட்டி பிடிக்க உங்கள் ஊரில் ஆள் இருக்கிறார்கள். லெவல் கருவி பிடிக்க இல்லை. சிவில் பொறியியல் மாணவர்களுக்கு சர்வே கேம்ப் பாடத்திலேயே வருகிறது. எங்கோ ஒரு மைதானத்தை அளப்பதற்குப் பதில் உங்கள் கண்மாயை அளக்கட்டுமே! வரத்துக்கால் எங்கே மேடிட்டது, மடைக்கும் கலுங்குக்கும் உயர வித்தியாசம் என்ன, எவ்வளவு வண்டல் சேர்ந்திருக்கிறது என்பதெல்லாம் தாளில் வந்துவிடும். வேளாண் கல்லூரி பக்கத்தில் இருந்தால், இறுதியாண்டு மாணவர்கள் கிராமத்தில் அனுபவப் பயிற்சி பெறுவார்கள். அப்போது மண் பரிசோதனையைக் கேட்கலாம்.

1956இல் தொடங்கிய காந்திகிராம கிராமியக் கல்வி நிறுவனம் கிராமப் பணியைப் படிப்போடு சேர்த்தே வைத்தது. கிராமப் பணிக்கு மதிப்பெண் இருந்தால்தான் மாணவரும் பேராசிரியரும் திரும்ப வருவார்கள் என்பது கசப்பான உண்மை.

கல்லூரிகளைக் கிராமங்களோடு இணைக்க 2014இல் வந்த உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் உங்கள் ஊர் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இருந்தால் வீடுவீடாகக் கணக்கெடுப்பு நடந்திருக்க வேண்டும். அதன் முடிவைக் கேட்டு வாங்குங்கள், அது ஊராரின் விவரம்தானே.

கிராம சபையில் ஒரே ஒரு வேலையைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டு, கல்வியாண்டு தொடங்கும் முன்பே துறைத்தலைவருக்குக் கடிதம் கொடுங்கள். மாணவர்கள் வரையும் கண்மாய்ப் படம் ஆக்கிரமிப்பு வழக்கில் அரசு அளவைக்கு ஈடாகாது. அதற்கு வட்ட அலுவலக சர்வேயரே அளக்க வேண்டும். ஆனால் தூர்வாரக் கேட்கும் மனுவில் இணைக்க அந்தப் படம் நன்றாகவே உதவும்.