விலையுயர்ந்த இயர்போனும் அதன் ரப்பர் முனையும்

ஐம்பதாயிரமோ ஒரு லட்சமோ கொடுத்து, காதுக்குள் செருகிக்கொள்ளும் உயர்தர இயர்போன் ஒன்றை வாங்கி வந்து, ஒரு வாரம் ஆசையோடு கேட்டுப் பார்த்த பின்பு, ஊரார் புகழ்ந்த நாதம் நம் காதில் மட்டும் ஏன் விழவில்லை என்று மனம் சோர்ந்துபோகிற ரசிகர், அடுத்தபடியாக வெள்ளிக் கம்பி வயரையோ புதிய பிளேயரையோ தேடிக்கொண்டு கடைக்குப் புறப்படுவதுதான் வழக்கமாக இருக்கிறது. அந்தப் பிரயாணத்தைக் கொஞ்சம் ஒத்திப் போட்டுவிட்டு, பெட்டியின் அடியில் சிறு பிளாஸ்டிக் பையில் கிடக்கும் ரப்பர் முனைகளை, கடைக்காரர்கள் இயர் டிப் என்று சொல்லும் அந்த அற்பப் பொருளை, ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிப் பார்க்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ள விரும்புகிறேன். செலவிடும் பணத்துக்குக் கிடைக்கும் பலன் என்ற கணக்கில் இயர் டிப்புக்கு முதல் ஸ்தானம், ஈக்வலைசருக்கு இரண்டாவது, பாட்டை வாசிக்கும் சாதனத்துக்கு மூன்றாவது; வயர் என் அபிப்பிராயத்தில் கணக்கிலேயே வராது.

இதற்குக் காரணம் காதின் அமைப்பில் இருக்கிறது. அறையில் வைத்த ஒலிபெருக்கி அறை முழுவதும் பரவிய காற்றை அசைக்க வேண்டியிருக்க, இயர்போனோ, சுமார் 25 மில்லிமீட்டர் நீளமுள்ள காதுக் குழாயில், தனக்கும் செவிப்பறைக்கும் நடுவே அடைபட்ட சிறிதளவு காற்றை மட்டுமே அழுத்தியும் தளர்த்தியும் நாதத்தை உண்டாக்குகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் இறுக மூடினால்தான் உள்ளே அழுத்தம் ஏறும்; விரல் சற்று விலகினால், மெதுவாக அழுத்தும்போது காற்று பக்கவாட்டில் நழுவிவிடுகிறது. காதிலும் இதே கதைதான். ரப்பருக்கும் சதைக்கும் இடையில் மயிரிழை இடைவெளி இருந்தாலும், நிதானமாக அதிரும் தாழ்ந்த ஸ்வரங்கள் அதன் வழியே கசிந்துபோக, வேகமாக அதிரும் உயர்ந்த ஸ்வரங்கள் மட்டும் குறையாமல் நின்று, பாட்டு மெலிந்தும் கீச்சென்றும் ஒலிக்கிறது. இயர்போனைப் பழிப்பவர்களில் பாதிப் பேர் உண்மையில் இந்தக் கசிவைத்தான் பழிக்கிறார்கள் என்பது என் துணிபு.

கசிவு உண்டா இல்லையா என்று பரீட்சிக்க, கர்நாடக சங்கீத ரசிகருக்கு மிருதங்கத்தைவிட நல்ல கருவி கிடைக்காது. ரவையைக் குழைத்து அப்பிய தொப்பியின் கும்கி காதுக்குள் உருண்டு எழுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, கருமையான சாதம் ஏறிய வலந்தலையின் மீட்டு, சுருதியோடு இணைந்து கணீரென்று நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும். சாதாரண முரசுக்கு இல்லாத ஒழுங்கான அநுஸ்வர வரிசை, பாரமேற்றிய அந்தத் தோலுக்கு உண்டென்று சர் சி.வி. ராமன் 1920ஆம் வருஷத்திலேயே 'நேச்சர்' பத்திரிகையில் எழுதியிருக்கிறார். கும்கி தேய்ந்து, வலந்தலை மட்டும் தகரம் போல் ஒலித்தால், டிப் பொருந்தவில்லை என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம்.

காதுக்குள் செருகும் இயர்போன்களின் பூர்வ சரித்திரமும் இந்த அடைப்பின் அவசியத்தையே வலியுறுத்துகிறது. காது கேளாதோருக்கான கருவிகளுக்குச் சிறு ஒலிப்பான்கள் செய்துவந்த அமெரிக்காவின் நோல்ஸ் நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மீட் கில்லியன், 1983இல் எட்டிமோட்டிக் ரிசர்ச் என்ற கம்பெனியைத் தொடங்கி, 1991இல் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டார். மூன்று அடுக்கு ரப்பர் குடைகளோடு காதின் ஆழத்தில் இறங்கும் அது, வெளிச் சத்தத்தைத் தடுப்பதில் இன்றும் பெயர் பெற்றது. வான் ஹேலன் குழுவின் மேடை ஒலிப் பொறியாளராக இருந்த ஜெர்ரி ஹார்வி, டிரம் வாசிக்கும் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதின் அச்செடுத்து இயர்போன் செய்து கொடுத்ததிலிருந்து 1995இல் அல்டிமேட் இயர்ஸ் பிறந்தது. ஒருவர் ஆழத்தை நம்பினார். மற்றவர் அச்சை நம்பினார். இருவருக்கும் காதை அடைப்பதே முதற் காரியமாக இருந்தது.

இனி டிப்களில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைச் சற்று விஸ்தாரமாகப் பார்க்கலாம். ஒற்றைக் குடை சிலிகான் ரப்பர் எல்லாப் பெட்டியிலும் வருவது; கழுவலாம், வெகு நாள் உழைக்கும், ஒரே கையால் போட்டுக் கழற்றலாம். ஆனால் எல்லாக் காதும் வட்டமானதல்ல. நீள்வட்டக் குழாய் உள்ளவர்களுக்கு வட்ட ரப்பர் ஒரு பக்கம் அழுத்தி மறு பக்கம் இடைவெளி விடும். நம்மில் அநேகருக்கு இடது காதும் வலது காதும் ஒரே அளவாக இருப்பதில்லை என்பதால், இடப்புறம் நடுத்தர அளவும் வலப்புறம் பெரிய அளவும் போட்டுக்கொள்வதில் வெட்கப்பட ஏதுமில்லை. துவாரத்தின் அகலமும் நாதத்தை மாற்றுகிறது: பொதுவாக, அகன்ற வாயுள்ள டிப் உயர்ந்த ஸ்வரங்களைத் திறந்து காட்டும், குறுகிய வாயுள்ளது அவற்றைச் சிறிது அடக்கும். ஜப்பானின் ஃபைனல் டைப்-ஈ, கொரியாவின் அஸ்லா போன்றவற்றைத் தனியாக வாங்குவோர் இருப்பதற்கு இதுவே காரணம். வாங்குமுன் இயர்போனின் மூக்கு எவ்வளவு தடிமன் என்று பார்த்துக்கொள்வது அவசியம். ஷூர், எட்டிமோட்டிக் முதலியவற்றின் மெல்லிய மூக்குக்குச் செய்த டிப் மற்றவற்றில் ஏறாது.

ஃபோம் டிப் வேறு ஜாதி. விரல்களால் உருட்டிச் சுருக்கி உள்ளே விட்டு, 15, 20 விநாடி அப்படியே பிடித்துக்கொண்டிருந்தால், அது மெல்ல விரிந்து காதின் கோணல்மாணல்களையெல்லாம் நிரப்பிவிடும். சிலிகானால் அடைபடாத காதுகளும் இதனால் அடைபடும். கூர்மையாகக் குத்துகிற இயர்போன் சிறிது சாந்தமாகும். அந்தச் சாந்தம்தான் சிலருக்குக் குறையாகத் தோன்றுகிறது, ஏனெனில் தம்புராவின் ஜீவாவில் மினுக்குகிற மேல் அநுஸ்வரங்களையும் ஃபோம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊர் வியர்வையில் அது சில மாதங்களுக்குள் தளர்ந்து போவதால், திரும்பத் திரும்பச் செலவும் உண்டு. இயல்பிலேயே மென்மையாக ஒலிக்கும் இயர்போனுக்கு ஃபோம் போடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். பிரகாசம் மிஞ்சியதற்குத் தாராளமாகப் போடலாம்.

மூன்றடுக்கு ரப்பரைப் பற்றி ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருக்கிறார்கள். அது உள்ளே போகிற ஆழத்தைச் சகிக்க முடிந்தவர்களுக்கு அதுவே பரம சௌக்கியம், சகிக்க முடியாதவர்களுக்கு ஐந்து நிமிஷம்கூடத் தாங்காது. ஆழத்தில் ஒரு நன்மை இருக்கிறது: குழாயின் உட்புற எலும்புப் பகுதிவரை டிப் எட்டினால், நம் குரலும் காலடியோசையும் தலைக்குள் இடிபோல் முழங்கும் தொந்தரவு குறையும். ரயிலிலும் பஸ்ஸிலும் கேட்பவர்களுக்கு வெளிச் சத்தம் தடைபடுவது காதின் ஆரோக்கியத்துக்கும் நல்லது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு. 3 டெசிபல் ஏறும்போதெல்லாம் அந்த நேரம் பாதியாகக் குறையும் என்பதால், இரைச்சலை வெல்ல 89 வரை ஏற்றிக் கேட்பவருக்கு வாரம் 5 மணியே மிஞ்சுகிறது.

எந்த டிப்பானாலும் அதைப் போடும் விதம் ஒன்றுதான்: எதிர்ப்புறக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, வளைந்த குழாய் நேரானதும், லேசாகத் திருகியவாறு உள்ளே விட்டு, பிறகு மடலை விட்டுவிட வேண்டும். நேராக வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவது பிரயோஜனமற்றது. டைனமிக் டிரைவர் என்னும் ஒலிப்பான் உள்ள சில இயர்போன்களில் அந்தத் திடீர் அழுத்தத்தால் உள்ளிருக்கும் மெல்லிய சவ்வு மடங்கிச் சலசலக்கும். எவ்வளவு ஆழம் என்பதும் முக்கியம், ஏனென்றால் அடைபட்ட குழாய்க்கென்று ஓர் ஒத்ததிர்வு இருக்கிறது. பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் வரும் அது, டிப் உள்ளே போகப் போக மேலே நகர்ந்துவிடும். பாடகியின் சகார ஒலி காதில் ஊசியாகக் குத்தினால், இன்னொரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் பார்த்த பிறகு இயர்போனை விற்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இவற்றில் எதுவும் பொருந்தாதவர்களுக்கும், தினம் பல மணி நேரம் அணிந்திருக்க வேண்டிய மேடைக் கலைஞர்களுக்கும், அச்செடுத்துச் செய்யும் கஸ்டம் இயர்போன் இருக்கிறது. செவிப் பரிசோதகர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்து, நூல் கட்டிய சிறு பஞ்சைக் குழாயின் இரண்டாம் வளைவுக்கு அப்பால் வைத்து, சிலிகான் குழம்பைச் செலுத்தி, அது இறுகும்வரை காத்திருந்து எடுப்பார். வாயைத் திறந்தால் தாடை அசைந்து குழாயின் வடிவம் மாறுவதால், பாடுகிறவர்கள் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே அச்சுக் கொடுக்க வேண்டும். அணிந்தால் கசிவே இராது என்பது இதன் சிறப்பு. பிறருக்கு விற்க முடியாது, வாங்குமுன் கேட்டுப் பார்க்க முடியாது, உடம்பு இளைத்தாலோ பருத்தாலோ பொருத்தம் தளரலாம் என்பவை இதன் குறைகள். கைவசம் நல்ல இயர்போன் இருப்பவர், அதை விட்டுவிடாமல், அதற்கென்று அச்செடுத்த சிலிகான் டிப் மட்டும் செய்துகொள்வது நடுவழியான, விவேகமான தேர்வு.

டிப் சரியானபின் ஈக்வலைசரைத் தொடலாம். தூய்மைவாதிகள் இதை ஒரு பாவகாரியம் போல் கருதுவது எனக்கு விளங்கவில்லை. இயர்போனைச் செய்தவரே எந்தச் சுருதி எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்று தம் அபிப்பிராயப்படி ஒரு வளைகோட்டை அமைத்துத்தான் அனுப்புகிறார். ஷான் ஆலிவ் தலைமையில் ஹார்மன் நிறுவனத்தார் பலருக்கும் பிடித்த நாதம் எது என்று ஆராய்ந்து வகுத்த வளைகோடு இன்று பலருக்கு அளவுகோலாக இருந்தாலும், அது பெரும்பான்மையோரின் ரசனையே தவிர சாஸ்திர விதி அல்ல. அதில் கீழ்ஸ்தாயி எனக்குச் சற்று அதிகம். கம்ப்யூட்டரில் கேட்பவர்களுக்கு ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளே போதும். தாழ்ந்த சத்தத்தில், 5,000 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒரு ஸ்வரத்தை ஓடவிட்டு, எந்த இடத்தில் அது திடீரென்று கூச்சலிடுகிறதோ அந்த இடத்தை மட்டும் குறுகிய பட்டையாக 3, 4 டெசிபல் தணித்துப் பாருங்கள். எதையாவது 5 டெசிபல் ஏற்றினால், மொத்த அளவை அதே 5 டெசிபல் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் உரத்த இடங்களில் நாதம் கிழிந்துவிடும்.

இரண்டு சாதனங்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக்கிக்கொள்ளுவது இன்றியமையாதது. சத்தம் கூடும்போது தாழ்ந்த ஸ்வரங்கள் காதுக்கு இன்னும் நிறைவாகக் கேட்கும் என்பதை ஃபிளெட்ச்சரும் மன்சனும் 1933லேயே அளந்து காட்டிவிட்டார்கள். கடையில் புதிய சாதனம் ஒரு டெசிபல் கூடுதலாக ஒலித்தால் போதும், நம் பர்ஸ் தானாகத் திறந்துகொள்ளும்.

வாசிக்கும் சாதனத்தைப் பொறுத்தவரை, இயர்போனுக்குள் எத்தகைய டிரைவர் இருக்கிறது என்பதைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். ஒற்றை டைனமிக் டிரைவருடைய இம்பீடன்ஸ், அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, எல்லாச் சுருதியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதால், எதில் செருகினாலும் குணம் பெரிதாக மாறாது. பாலன்ஸ்டு ஆர்மேச்சர் என்னும் சிறு ஒலிப்பான்கள் பலவற்றைக் கோத்துச் செய்தவற்றில், ஒரு சுருதியில் 5 ஓமும் மற்றொன்றில் 15 ஓமுமாகத் தடை ஏறி இறங்கக்கூடும். அப்படிப்பட்ட இயர்போனை, 10 ஓம் வெளியீட்டுத் தடையுள்ள பழைய ஆம்பிளிஃபயரில் செருகினால், அந்த இரண்டு சுருதிகளுக்கிடையே 5 டெசிபல் வித்தியாசம் புதிதாக முளைக்கும். 1 ஓம் உள்ளதில் செருகினால் வித்தியாசம் 1 டெசிபலோடு நின்றுவிடும். நான்கு ஆர்மேச்சர்களுடன் 9 ஓம் என்று குறிக்கப்பட்டுள்ள ஷூர் எஸ்இ846 போன்றவற்றுக்கு, எட்டில் ஒரு பங்கு என்ற வழக்கமான கணக்கின்படி, 1 ஓமை ஒட்டிய சாதனமே உகந்தது. ஆப்பிள் கம்பெனியின், போனில் செருகும் சிறிய டாங்கிள் இந்தத் தகுதியைச் சுலபமாகப் பெற்றுவிடுகிறது என்பது விலையுயர்ந்த பிளேயர் விற்பவர்களுக்கு இனிக்கும் செய்தி அல்ல. சில ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் அதன் சத்தம் முழுமையாக எழும்புவதில்லை. பாட்டு நின்ற மௌனத்தில் உஸ்ஸென்ற இரைச்சல் கேட்டால் வேறு சாதனம் பார்க்கலாம்.

புளூடூத்தில் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சி.டி.யின் நாதம் விநாடிக்கு 1,411 கிலோபிட் வேகத்தில் ஓடுவது. சோனியின் எல்டேக் என்னும் ஒலிச்சுருக்க முறை அதிகபட்சம் 990 வரை தரும், ஐபோனோ அதை ஏற்காமல் ஏஏசி என்னும் முறையோடு நின்றுவிடும். நெரிசலான பஸ்ஸில் இந்த வித்தியாசம் யாருக்கும் தெரியாது.

வயரை மாற்றுவதற்கு நியாயமான காரணங்கள் உண்டு: அறுந்துபோவது, வியர்வையில் பச்சை பிடிப்பது, சட்டையில் உரசிக் கரகரப்பது. அவற்றுக்கு மலிவான வயரே போதும். எம்எம்சிஎக்ஸ் இணைப்பு உள்ளவற்றில் அடிக்கடி கழற்றி மாட்டினால் பிடிப்புத் தளர்ந்துவிடும் என்பதால், ஆசைக்காக மாற்றிக்கொண்டே இருப்பது விவேகமன்று.

கடைசியாக, ஒரு பக்கத்துச் சத்தம் நாளடைவில் மங்கிவிட்டால், பழுதென்று முடிவு கட்டுமுன், இடது இயர்போனை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கல் இயர்போனோடு கூடவே இடம் மாறினால், பெரும்பாலும் மூக்கின் சல்லடையில் குறும்பி அடைத்திருக்கிறது என்று பொருள். மூக்கைத் தரையை நோக்கிக் கவிழ்த்துப் பிடித்து, உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுக்க வேண்டும், திரவம் எதையும் ஊற்றக் கூடாது. எட்டிமோட்டிக்கின் வடிகட்டியையும் எஸ்இ846இன் மூக்குக் குழாயையும் கழற்றிப் புதிது போட்டுக்கொள்ளலாம். மங்கல் அதே காதில் தங்கிவிட்டால், போக வேண்டிய இடம் இயர்போன் கடை அல்ல, காது டாக்டர்.