ரிட்டையர்மென்ட்டுக்கு முன் ஒரு பெரிய டீல்

முப்பது வருஷம் ஆபீஸில் வெண்டர்களிடம் பேரம் பேசினீர்கள். இன்க்ரிமென்ட்டுக்காக ஹெச்.ஆரோடு மல்லுக்கட்டினீர்கள். ஆனால் மேற்கு மாம்பலத்திலோ நங்கநல்லூரிலோ இருக்கும் சொந்த வீட்டை விற்க உட்கார்ந்தால் மட்டும் அந்த சாமர்த்தியமெல்லாம் எங்கோ போய்விடுகிறது. பார்க்க வந்த பார்ட்டிக்கு ஃபில்டர் காபி கொடுத்து, "இந்த மாமரம் அப்பா வெச்சது" என்று ஆரம்பித்துவிடுகிறீர்கள். அவர் மரத்தைப் பார்ப்பதில்லை. அதை வெட்ட எவ்வளவு ஆகும் என்று பார்க்கிறார்.

பிள்ளைகள் பெங்களூரிலும் டல்லாஸிலும் செட்டில் ஆன பிறகு, மாடிப்படி வீட்டைக் கொடுத்துவிட்டு லிஃப்ட் உள்ள 2 பிஹெச்கே ஃபிளாட்டுக்கு மாறுவது நல்ல முடிவுதான். அதை உங்கள் கரியரின் கடைசி ப்ராஜெக்ட்டாக நடத்துங்கள்.

1. முதலில் ஃபைல், அப்புறம்தான் புரோக்கர். தாய்ப்பத்திரம், 30 வருஷ ஈசி, உங்கள் பெயரில் பட்டா, பிளான் அப்ரூவல், வீட்டு வரி ரசீது. லோன் போட்டு வாங்கும் பார்ட்டியின் பேங்க் வக்கீல் இவற்றைத்தான் கேட்பார். ஒரிஜினல் தொலைந்திருந்தால் போலீஸ் புகார், பேப்பர் விளம்பரம், 'கண்டுபிடிக்க இயலவில்லை' என்ற சான்று என மாதக்கணக்கில் இழுக்கும். பார்ட்டி வந்த பிறகு பரணில் பத்திரம் தேடினால், அந்தத் தாமதத்தை அவர் விலையில் கழித்துக்கொள்வார்.

2. வெளி பேரத்துக்கு முன் வீட்டுப் பேரம். வீடு அப்பா சம்பாதித்தது, அவர் உயில் எழுதாமல் காலமாகிவிட்டார் என்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மகன்களுக்கும் மகள்களுக்கும் சமபங்கு. "தங்கச்சிக்குக் கல்யாணத்திலேயே எல்லாம் செஞ்சாச்சு" என்பது சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் செல்லாது. அவர் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் விடுதலைப் பத்திரம் எழுதித்தர வேண்டும். அமெரிக்காவில் இருக்கும் தம்பி வர முடியாதென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அட்டெஸ்ட் செய்த பவர் பத்திரம் வேண்டும். அது இங்கே வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டிவிட வேண்டும். இன்னொன்று: 50 லட்சமும் அதற்கு மேலும் போகும் விற்பனையில் உள்ளூர்க்காரருக்கு டிடிஎஸ் 1 சதவீதம்தான். என்ஆர்ஐ தம்பியின் பங்குக்கு அதைவிடப் பல மடங்கு. இதை வாங்குபவர் ரிஜிஸ்ட்ரேஷன் அன்று தெரிந்துகொண்டால் டீல் ஆடிப்போகும். முதல் மீட்டிங்கிலேயே சொல்லிவிடுங்கள்.

3. நீங்கள் விற்பது மண். நாற்பது வருஷக் கட்டடத்துக்குப் பெரும்பாலும் யாரும் காசு தர மாட்டார்கள், இடிக்கத்தான் வாங்குகிறார்கள். அதனால் பெயின்ட் செலவு தண்டம். ஆனால் தேக்குக் கதவு, ஜன்னல், இரும்பு எல்லாவற்றுக்கும் விலை உண்டு. அவை யாருக்கு என்பதை அக்ரிமென்ட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.

4. அவசரத்தைக் காட்டாதீர்கள். "பையன் அக்டோபரில் வர்றான், அதுக்குள்ள முடிக்கணும்" என்ற ஒரு வரிக்கு நீங்கள் லட்சக்கணக்கில் விலை கொடுப்பீர்கள். புரோக்கர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குக் கமிஷன் டீல் முடிந்தால்தான், உங்களுக்கு நல்ல விலை கிடைத்தால் அல்ல. மூன்று ஆஃபராவது கையில் வராமல் டோக்கன் அட்வான்ஸைத் தொடாதீர்கள்.

5. பில்டர் ஜேவி பேசுவார். இடத்தைக் கொடுங்கள், பாதி ஃபிளாட் உங்களுக்கு என்பார். காகிதத்தில் இதுதான் அதிக லாபம். ஆனால் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி, சுமார் 223 சதுர மீட்டர். 500 சதுர மீட்டருக்குள், எட்டு ஃபிளாட்டுக்குள் அடங்கும் ப்ராஜெக்ட்டுக்கு ரெரா பதிவு கட்டாயமில்லை. வேலை பாதியில் நின்றால் வழக்கும் வாடகை வீடும் உங்கள் தலையில். 55 வயதில் இந்த ரிஸ்க்கை எடுக்கலாம். 70-இல் வேண்டாம். முழுப் பணத்துக்கு விற்றுவிடுங்கள்.

6. டாக்ஸ் கணக்கைப் பேரத்துக்கு முன்பே போடுங்கள். 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கிய வீடென்றால், 1.4.2001 அன்றைய மதிப்பை, அன்றைய கைடுலைன் வேல்யூவுக்கு மிகாமல், அடக்க விலையாகக் காட்டலாம். அது 12 லட்சம், விற்பது 2 கோடி என்று வைத்துக்கொள்வோம். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீட்டுக்கு இரண்டு வழி உண்டு. பழைய வழி, இண்டெக்சேஷனோடு 20 சதவீதம்: 2025-26-இன் இண்டெக்ஸ் 376, எனவே வரி சுமார் 31 லட்சம். புதிய வழி, இண்டெக்சேஷன் இல்லாமல் 12.5 சதவீதம்: 23.5 லட்சம். இண்டெக்சேஷன்தான் எப்போதும் லாபம் என்று சொல்லும் நண்பரை நம்பாதீர்கள். லாபமான 1.88 கோடியில், 90 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி, ஆறு மாதத்துக்குள் 50 லட்சத்தை கேபிடல் கெயின்ஸ் பாண்டில் போட்டால், மிச்சம் 48 லட்சம். அதற்கு வரி 6 லட்சம், செஸ் தனி. பழைய வீட்டை விற்பதற்கு ஒரு வருஷம் முன்போ, விற்ற பின் இரண்டு வருஷத்துக்குள்ளோ புது வீட்டை வாங்க வேண்டும். ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வாங்க முடியாவிட்டால், பணத்தை பேங்கில் கேபிடல் கெயின்ஸ் அக்கவுன்ட்டில் போடுங்கள். சாதாரண எஃப்டி செல்லாது.

7. 'கொஞ்சம் கேஷா வாங்கிக்கோங்க' என்பார்கள். அட்வான்ஸாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அதே தொகை அபராதம். அது விழுவது உங்கள் மேல், கொடுத்தவர் மேல் அல்ல.

8. காலி செய்ய 60 நாள் வேண்டும் என்று அக்ரிமென்ட்டிலேயே கேளுங்கள். பாக்கித் தொகை முழுவதும் அக்கவுன்ட்டில் ஏறிய பிறகு, அல்லது டிடியை உங்கள் பேங்க் சரிபார்த்த பிறகு, பேனாவை எடுங்கள். சாவி கொடுக்கும் அன்று ஈபி மீட்டர் ரீடிங்கை செல்போனில் போட்டோ எடுத்து, வாங்கியவருக்கும் அனுப்பிவையுங்கள்.