பஞ்சர் ஆனா பயப்படாதீங்க!

இது சைக்கிளில் பள்ளிக்கு வருகிற எல்லாருக்கும், முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு.

அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் ஒரு நாள் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து போகும்போது, கண்மாய்க் கரையில் என் சைக்கிள் பின்சக்கரம் காற்று இறங்கிவிட்டது. வீடு 3 கிலோமீட்டர். சைக்கிள் கடை அதைவிடத் தூரம். தள்ளிக்கொண்டே போய்ச் சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. அம்மா வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தார். அப்பா திட்டவில்லை. "நாளையிலேருந்து ஸ்பெஷல் கிளாஸ் வேணாம், நாலரைக்கு வீட்டுல இருக்கணும்"னு மட்டும் சொன்னார். ஒரு கருவேல முள்ளால் என் கணக்கு வகுப்பு போயிற்று!

பெரியம்மாதான் எனக்காகப் பேசினார். 1990-களின் தொடக்கத்தில் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்கு ஊக்கம் கொடுத்தார்கள். பெரியம்மா அந்தக் கூட்டத்தில் ஒருவர். "ஓட்டக் கத்துக்கிட்டா பாதிதான்டி, ஒட்டவும் கத்துக்கணும்" என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை என்னை உட்கார வைத்தார். அவர் சொல்லிக்கொடுத்ததைத்தான் எழுதுகிறேன்.

காற்று இறங்கினதெல்லாம் பஞ்சர் இல்லை. வால்வுக்குள்ளே வால்ட்யூப் என்று ஒரு சின்ன ரப்பர் குழாய் இருக்கும். வெயிலில் அது இற்றுப் போகும். காற்றடித்துவிட்டு வால்வு வாயில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்ட்யூப்பை மட்டும் மாற்றினால் போதும். பழையதை உரித்துவிட்டுப் புதியதைத் தண்ணீரில் நனைத்து, வால்வின் பக்கத்து ஓட்டை மூடுகிற வரைக்கும் ஏற்றணும்.

அடுத்தது, பஞ்சர் ஒட்டுவதற்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியதே இல்லை. இது தெரியாமல் நான் முதல் நாள் பெருமையாகக் கழற்றிவிட்டு, திரும்ப மாட்டும்போது இரண்டு வாஷர் மீந்துவிட்டது. பெரியம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சைக்கிளைச் சாக்கின் மேல் தலைகீழாக நிறுத்துங்கள். மீதிக் காற்றையும் இறக்கிவிட்டு, டயரைச் சுற்றிலும் அமுக்கி ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளுங்கள். அப்போதுதான் டயர் தளரும். வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் டயர் பட்டையை விட்டு நெம்பணும். பட்டை இல்லையென்றால் கெட்டியான ஸ்பூன் காம்பு இரண்டு போதும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், ஒரு ஓட்டைக்கு இரண்டு ஓட்டை ஆகிவிடும். டயரின் ஒரு பக்கம் வெளியே வந்ததும் ட்யூப்பை உருவி, காற்றடித்து, தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக முக்கிப் பாருங்கள். குமிழி வருகிற இடம்தான் ஓட்டை. ஒன்றைக் கண்டதும் நிறுத்தாதீர்கள். முள் சில சமயம் மறுபக்கமும் துளைத்திருக்கும்.

ஈரத்தைத் துடைத்து, உப்புத்தாளால் அந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, சொல்யூஷனை மெல்லிசாகத் தடவுங்கள். தடவினவுடனே ஒட்டக்கூடாது. சொல்யூஷன் என்பது ரப்பர் கரைந்திருக்கிற திரவம். அந்தத் திரவம் ஆவியாகிப் போன பிறகுதான் பிடிப்பு வரும். 5 நிமிடம் பொறுத்து, ஒட்டுத்துண்டை வைத்து நன்றாக அழுத்துங்கள். விளக்கு, அடுப்புப் பக்கம் இந்த வேலையைச் செய்யாதீர்கள், சட்டென்று தீப்பிடிக்கும்.

இப்போதுதான் முக்கியமான இடம். என் முதல் ஒட்டு அருமையாகப் பிடித்தது. ஆனால் மறுநாள் காலையில் மறுபடி காற்று இல்லை! ஒட்டுக்குப் பக்கத்திலேயே புது ஓட்டை. முள்ளின் முனை முறிந்து டயருக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதனால் டயரின் உள்பக்கம் முழுவதும் துணியால் தடவிப் பாருங்கள். முள் இருந்தால் துணி மாட்டும். வெறும் விரலால் தடவினால் உங்களைக் குத்தும்.

ட்யூப்பில் கொஞ்சம் காற்று அடித்து உள்ளே வையுங்கள், மடங்காமல் இருக்கும். டயரைக் கட்டைவிரலாலேயே தள்ளி ஏற்றணும். ரிம்முக்கும் டயருக்கும் நடுவில் ட்யூப் மாட்டியிருக்கிறதா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு முழுக்காற்று அடியுங்கள்.

ட்யூப்பையே மாற்றணும் என்றால்தான் சக்கரத்தைக் கழற்றணும். முன்சக்கரம் சுலபம். பின்சக்கரத்தில் ஸ்டாண்டு, கேரியர், மட்கார்டு கம்பி எல்லாம் ஒரே அச்சில் மாட்டியிருக்கும். கழற்றின வரிசையிலேயே செய்தித்தாளில் அடுக்கி வையுங்கள். இரண்டு நட்டையும் தளர்த்தி, சக்கரத்தை முன்னால் தள்ளி, செயினைப் பல்சக்கரத்திலிருந்து எடுக்கணும். முழு செயின் கவர் உள்ள சைக்கிள் என்றால் பெரியவர்களைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். நான் செயினில் கை வைத்திருந்தபோது தம்பி விளையாட்டாக பெடலைச் சுற்றிவிட்டான். நூலிழையில் விரல் தப்பியது. செயினிலோ போக்ஸ் கம்பியிலோ கை இருக்கும்போது பெடலை யாரும் தொடக்கூடாது. துப்பட்டாவையும் இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள்.

திரும்ப மாட்டும்போது சக்கரம் நடுவில் நிற்கணும். செயின் விறைப்பாகவும் இருக்கக்கூடாது, தொங்கவும் கூடாது. நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். பிரேக் பிடித்துப் பார்க்காமல் ஏறாதீர்கள்.

அப்பா முன்னாலேயே ஒரு தடவை ஒட்டிக் காட்டின பிறகுதான் திரும்ப ஸ்பெஷல் கிளாஸுக்கு விட்டார். போன வாரம் அதே கண்மாய்க் கரையில் மறுபடியும் முள். கண்மாய்த் தண்ணீரிலேயே ஓட்டையைக் கண்டுபிடித்து, அரைமணியில் ஒட்டி, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய்விட்டேன். கறுப்பாக இருந்த என் கையை அப்பா பார்த்தார். "சோப்புப் போட்டுக் கழுவு"ன்னு சொன்னார், அவ்வளவுதான்.

உப்புத்தாள், சொல்யூஷன், ஒட்டுத்துண்டு, இரண்டு ஸ்பூன், வால்ட்யூப் எல்லாம் ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் என் பையில் இருக்கிறது. சின்ன பம்ப்பைக் கேரியரில் கட்டியிருக்கிறேன். யாருக்காவது வேண்டுமென்றால் ஒன்பதாம் வகுப்பில் வந்து கேளுங்கள். ஒட்டித் தரமாட்டேன், கூட உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.