நிற்காத கம்பியில் ஒரு பாக்கெட்

கருணாபுரத்துத் தம்பிக்கு,

"ஐ.பி. பாக்கெட்டின் தலைப்பிலேயே மொத்த நீளம் இருக்கிறதே சார், சீரியல் லைனில் அனுப்ப அதற்கு மேல் இன்னொரு உறை எதற்கு? தண்டச் செலவுதானே?" என்று கேட்டிருந்தாய். நியாயமான கேள்வி. அந்தத் 'தண்டச் செலவு'தான் என்னைச் சீண்டிவிட்டது.

சிங்க்ரனஸ் லைனில் கிளாக் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஒரு பிட் வந்து விழும். அனுப்பச் சரக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழும். அங்கே மௌனம் என்பதே கிடையாது. நீளத்தைப் படிக்க வேண்டுமென்றால் தலைப்பு எங்கே தொடங்குகிறது என்று முதலில் தெரியவேண்டாமா? தெரிந்ததாகவே வைத்துக்கொள். வழியில் ஒரே ஒரு பிட் நழுவினால் கணக்குப் பிசகும். அடுத்த பாக்கெட்டின் தொடக்கமும் பிசகும். அதன்பின் வருவதெல்லாம் குப்பை. எண்ணிக்கையை மட்டும் நம்பியவன் திரும்பத் தடத்துக்கு வர வழியில்லை.

ஓலைச்சுவடி படித்திருக்கிறாயா? மெய்க்குப் புள்ளி இராது, சொற்களுக்கிடையே வெளி இராது. சிந்தாமணிச் சுவடிகளில் மூலமும் உரையும் கலந்து கிடந்ததைப் பற்றி உ.வே.சா. எழுதியிருப்பதை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அவருக்குத் தமிழ் தெரியும், யாப்பு தெரியும், பிரித்துவிட்டார். ரவுட்டருக்கு என்ன தெரியும்?

ஆகவே எல்லைக்குறி வேண்டும். எச்.டி.எல்.சி. என்ற நெறிமுறை வைத்த குறி 01111110. இரண்டு சுழிகளுக்கு நடுவே ஆறு ஒன்றுகள். இதே வரிசை உன் தரவுக்குள்ளும் வரலாமே என்பாய். அங்கேதான் அழகு. தரவில் ஐந்து ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் அனுப்புகிறவன் யோசிக்காமல் ஒரு சுழியைச் செருகுவான். வாங்குகிறவன் ஐந்து ஒன்றுக்குப் பின் வரும் சுழியை எடுத்து எறிவான். ஆறு ஒன்று தொடர்ந்து சுழியோடு முடிந்தால் அது எல்லைக்குறி. ஏழு வந்தால் 'இந்த ஃபிரேமைக் கைவிட்டேன்' என்று பொருள். எத்தனை பிட் நழுவியிருந்தாலும் அடுத்த குறி வந்ததும் எல்லாம் நேராகிவிடும்.

இந்தச் செருகு சுழிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாடப்புத்தகங்கள் இதை ஏன் ஓரமாகத் தள்ளுகின்றன என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஐ.பி.எம். 1970களில் கொண்டுவந்த எஸ்.டி.எல்.சி. என்ற முன்னோடியை என்.ஆர்.இசட்.ஐ. முறையில் அனுப்பும்போது சுழிக்கு மட்டுமே மின்நிலை மாறும், ஒன்றுக்கு அப்படியே இருக்கும். ஒன்றாகவே வந்துகொண்டிருந்தால் வாங்குகிறவனின் கிளாக் தடுமாறிவிடும். ஐந்துக்கு மேல் விடாமல் சுழியைச் செருகினால் எல்லையும் காப்பாற்றப்படுகிறது, கிளாக்கும் காப்பாற்றப்படுகிறது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். இதைவிடச் சிக்கனமான யோசனை வலையமைப்பு இயலிலேயே இல்லை என்பது என் கட்சி. யு.எஸ்.பி.யும் இதைத்தான் செய்கிறது. ஆறு ஒன்றுக்குப் பின் ஒரு சுழி.

செலவைப் பார்ப்போம். நம் நாட்டுக் கல்வி, ஆய்வு வலையமைப்பான எர்நெட் 1991 ஜனவரியில் டெல்லிக்கும் பம்பாய்க்கும் இடையே முதல் லீஸ்டு லைனைப் போட்டபோது வேகம் வினாடிக்கு 9,600 பிட். அடுத்த ஆண்டுக்குள் சென்னை ஐ.ஐ.டி.யும் அதே வேகத்தில் இணைந்தது. அந்த லைனில் 1,500 பைட் பாக்கெட் கடக்க ஒன்றேகால் வினாடி. எச்.டி.எல்.சி. பாணியில் ஐ.பி.யைச் சுமக்கும் பி.பி.பி. நெறிமுறையின் உறை இரண்டு குறிகளையும் சேர்த்து 8 பைட், ஏழு மில்லிவினாடிகூட இல்லை. செருகு சுழிகள், தாறுமாறான தரவில் சராசரியாக 62 பிட்டுக்கு ஒன்று. 40 பைட் சிறு பாக்கெட்டில்தான் உறை உறுத்தும், ஒத்துக்கொள்கிறேன்.

உறைக்குள் இருக்கும் சரக்கு ஐ.பி.யா வேறா என்று சொல்ல ஓர் இடம் பழைய எச்.டி.எல்.சி.யில் இல்லை. சிஸ்கோ தன் வசதிக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டது, பி.பி.பி. வேறு மாதிரி சேர்த்தது. ஒரு முனையில் அதுவும் மறுமுனையில் இதுவும் இருந்தால் விளக்கு பச்சையாகவே எரியும், பாக்கெட் மட்டும் போகாது. உடனே "லைன் போச்சு" என்று தொலைபேசிக்காரர்களைத் திட்டாதே. உறையைப் பார்.

ஒரு கணக்கு. பி.பி.பி. ஃபிரேம் குறிக்குப் பின் எஃப்எஃப், 03 என்ற இரண்டு பைட்டோடு தொடங்கும். ஒவ்வொரு பைட்டிலும் கடைசி பிட்தான் முதலில் கம்பியேறும். இந்த 16 பிட் கம்பியில் எத்தனையாகும்? முதல் பிட்டையே முதலில் அனுப்பினால் விடை ஏன் மாறுகிறது? காகிதத்தில் போட்டு அனுப்பு; சிமுலேட்டரைத் தொடாதே.

அன்புடன்,
உன் ஆசிரியர்